சக்கர வீட்டில் ஓர் அடுப்பு



ஆசிரியர்களிடம் ஒரு குறை உண்டு. தாம் கற்பித்தவற்றையெல்லாம் தாம் கற்றுவிட்டதாகவே அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்தவன் நான். முதலில் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தேன். பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். நீர் எப்போது கொதிக்கிறது, வெப்பம் எவ்வாறு பரவுகிறது, எரிதலுக்கு எவையெவை தேவை என்பனவற்றை எத்தனையோ வகுப்புகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் அறுபத்து நான்கு வயது வரையில் ஒரு பிடி அரிசியைக்கூட நானாக வேகவைத்ததில்லை. சமைக்கும் கல்வியை நான் பெற்ற இடம் ஒரு பழைய வேன். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் இளைய மகன் நியூசிலாந்து நாட்டின் தெற்குத் தீவில் மண் ஆய்வு செய்யும் வேலையில் இருக்கிறான். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர் என்று அலைகின்ற வேலை அது. கிறைஸ்ட்சர்ச் நகரில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறை மாதத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடந்தது. ஆகவே அந்த அறையை விட்டுவிட்டான். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை விலைக்கு வாங்கினான். அதனுள்ளே தன் கையாலேயே பலகை அடித்து, படுக்கையும் அலமாரியும் அடுப்பும் அமைத்து, அதிலேயே குடியிருக்கத் தொடங்கினான்.

இச்செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தலைமையாசிரியர் மகன் வண்டியில் குடியிருக்கிறான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? உறவினர் விசாரித்தபோதெல்லாம், "கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவந்தேன். பொய் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்கு ஓதிய அதே வாய்தான் இதையும் சொல்லிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், மூன்று வாரம் அவனோடு தங்குவதற்குச் சென்றேன். எப்படியாவது அவனை ஒரு வீட்டில் குடியேற்றிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது என் உள்நோக்கம்.

வண்டியில் சமைத்து உண்பது புதிய வழக்கமன்று. 1866ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சார்லஸ் குட்நைட் என்னும் மாட்டுப் பண்ணையாளர் இருந்தார். பெரிய மாட்டு மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிச் செல்லும் ஆட்களுக்கு வழியில் உணவளிக்க வேண்டியிருந்தது. இராணுவத்தார் கழித்துவிட்ட வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் சிறு சிறு அறைகளும் இழுப்பறைகளும் கொண்ட மரப்பெட்டி ஒன்றை அவர் பொருத்தினார். பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசையாகிவிடும். உலர்ந்த பயறு, உப்பிட்ட இறைச்சி, காப்பி ஆகியவை அந்தப் பெட்டியில் இருந்தன. பின்னர் 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், வோக்ஸ்வேகன் வேனுக்குள் எடுத்து மாட்டக்கூடிய படுக்கையும் அலமாரியும் செய்து விற்கத் தொடங்கியது. என் மகனுடைய வண்டியிலும் பின்கதவைத் திறந்து இழுத்தால் ஒரு பலகை நீண்டு வரும். அது அந்த மரப்பெட்டியின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

அந்தப் பலகை இரண்டு முழ நீளம், அவ்வளவுதான் சமையலறை. ஒரு சிறு குக்கர், ஒரு வாணலி, ஒரு கத்தி, ஒரு கரண்டி, இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். மூன்றாவது தட்டு இல்லை. எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் திரும்ப வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் வண்டி முதல் வளைவில் திரும்பும்போதே அது தரையில் உருண்டு நம் குற்றத்தை அறிவித்துவிடும். "எடுத்ததை எடுத்த இடத்தில் வை" என்று நான் பள்ளியில் எத்தனையோ முறை சொன்னதுண்டு. அந்த வண்டி அதைச் சொல்லாமலே செய்ய வைத்தது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். பொதுவிடங்களில் வண்டியை நிறுத்தித் தங்குவோருக்கென்று நியூசிலாந்தில் 2011ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். 2023இல் அதை மேலும் இறுக்கினார்கள். தன்னிறைவு பெற்றது என்று சான்று பெறும் வண்டி, வெளியிலிருந்து நீர் எடுக்காமலும் கழிவை வெளியே விடாமலும் மூன்று நாள் இருக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஆளுக்குக் குறைந்தது 12 லிட்டர் நன்னீர், அதாவது நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது கணக்கு. பாத்திரம் கழுவிய நீரும் வண்டிக்குள்ளேயே ஒரு தொட்டியில் சேரும். அதைக் கொட்டுவதற்கென்று அமைத்த இடத்தில்தான் கொட்ட வேண்டும், ஏரிக்கரையில் ஊற்றலாகாது.

வண்டியில் 20 லிட்டர்க் கேன்கள் இரண்டு இருந்தன. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பது உங்களுக்குத் தெரியும். நிரம்பிய கேனை நான் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். அந்தப் பாடம் என் தோளுக்கும் தெரிந்தது. குழாயைத் திருகினால் நீர் வராது. கீழே உள்ள பம்பைக் காலால் மிதித்தால்தான் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். சோறு ஒட்டிய தட்டை முதலில் ஒரு துண்டு ரொட்டியால் துடைத்து, அந்த ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, பிறகு ஒரு தம்ளர் நீரில் தட்டைக் கழுவ என் மகன் கற்றுக்கொடுத்தான். முதல் நாள் எனக்கு அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் நினைத்துப் பார்த்தேன். என் தாயார் அரிசி கழுவிய நீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவார். அது மாட்டுக்குப் போகும். எங்கள் கிணற்றடி நீர் வாழைக்குப் போகும். போகும் இடம் தெரிந்த வரையில் நாங்களும் நீரை வீணாக்கவில்லை. குழாய் வந்து, அது போகும் இடம் கண்ணுக்கு மறைந்த பிறகே வீணாக்கக் கற்றோம்.

அடுத்தது நெருப்பு. "மின்சாரம் இருக்கிறதே, மின் அடுப்பில் சமைத்தால் என்ன?" என்று கேட்டேன். மகன் சிரித்துக்கொண்டே, "நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் அப்பா" என்றான். நீங்களும் போட்டுப் பாருங்கள். வண்டியின் பாட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஒரு லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவரச் சற்றேறக்குறைய 93 வாட்-மணி வேண்டும். சிறிதும் இழப்பு இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பதின்மூன்று லிட்டர் நீர் கொதிப்பதற்குள் பாட்டரி வறண்டுவிடும். பிறகு விளக்கு ஏது? குளிர்பதனப் பெட்டி ஏது? அதனால்தான் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலோர் மின்சாரத்தை ஒளிக்கும் குளிருக்கும் வைத்துக்கொண்டு, சமையலுக்கு எரிவாயுவைக் கொள்கிறார்கள்.

எரிவாயுவிலும் ஒரு நுட்பம் உண்டு. வெளியே வைத்துச் சமைக்க ஒரு சிறு கைப்பெட்டி அடுப்பு இருந்தது. அதில் பூட்டேன் வாயு நிறைந்த சிறு குப்பி பொருத்துவார்கள். டெக்காப்போ ஏரிக்கு அருகே ஒரு நாள் விடியற்காலையில் அந்த அடுப்பு எரியவே மறுத்தது. புல்லின் மேல் உறைபனி படர்ந்திருந்தது. குப்பியைக் குலுக்கினால் உள்ளே திரவம் இருப்பது தெரிந்தது. அன்றைக்கு நான் ஆசிரியன் ஆனேன். பூட்டேனின் கொதிநிலை சுழிக்கும் கீழே அரைப் பாகை. குளிர் அதைவிடக் கூடினால் அது வாயுவாக மாறி வெளிவராது. புரொப்பேனின் கொதிநிலையோ சுழிக்கும் கீழே 42 பாகை. எனவே குளிர்நாட்டுக்கு அதுவே ஏற்றது. இதைச் சொல்லிவிட்டுக் குப்பியை என் கம்பளிச் சட்டைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தேன். பிறகு அடுப்பு எரிந்தது. மகன் முகத்தில் தோன்றிய மதிப்பைக் கண்டு எனக்கு ஏற்பட்ட கர்வம் அன்றிரவு வரையில்தான் நிலைத்தது.

அன்றிரவு குளிர் முன்னிலும் கடுமை. மகன் உறங்கிவிட்டான். எனக்கு உறக்கம் வரவில்லை. வண்டிக்குள்ளிருந்த அடுப்பைச் சிறிது நேரம் தணிவாக எரியவிட்டால் இதமாக இருக்குமே என்று தோன்றியது. சன்னல்களை நன்றாகச் சாத்தினேன். அடுப்பின் திருகில் கை வைத்தேன். அது 'டக்'கென்று ஓசையிட்டது. மகன் துள்ளி எழுந்து, "வேண்டாமுங்க அப்பா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சிலிண்டரை மூடினான், சன்னலைத் திறந்தான், தன் கம்பளியை எடுத்து என்மேல் போர்த்தினான். பிறகு ஒன்றும் பேசாமல், சுவரில் பொருத்தியிருந்த ஒரு சிறு கருவியைச் சுட்டிக்காட்டினான். அது கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டால் ஓலமிடும் எச்சரிக்கைக் கருவி.

நண்பர்களே, அடைத்த சிறு இடத்தில் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்ளும். உறங்குகிறவன் விழித்துக்கொள்ளக்கூட வழியில்லை. இதை நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டிருக்கிறேன், எழுதாதவர்களைக் கடிந்திருக்கிறேன். குளிர் வந்தபோது அந்தப் பாடம் என் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கருவி ஓலமிட்டுக் காத்திருக்கலாம். ஆயினும் கருவியை நம்பித் தவறு செய்வதும் தவறே. நம் நாட்டு மலையூர்களிலும் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அடுப்பு சமைப்பதற்கே உரியது; குளிர்காய்வதற்கு உரியதன்று. சமைக்கும்போதும் சன்னலொன்று திறந்திருத்தல் வேண்டும். காற்றைவிடக் கனமான எரிவாயு கசிந்தால் தரையில் தங்கும். அது வெளியேறச் சிலிண்டர்ப் பெட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூட வேண்டும். பரீட்சை முடிந்ததும் இவற்றை மறந்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில், "இன்று நான் சமைக்கிறேன்" என்று மகனிடம் சொன்னேன். எங்கள் கொங்கு நாட்டில் 'அரிசியும் பருப்பும்' என்று ஒரு சோறு உண்டு. வேலை மிகுந்த நாளில் வீட்டுப் பெண்கள் ஒரே பாத்திரத்தில் ஆக்கிவிடுவது அது. ஒரு தம்ளர் அரிசி, கால் தம்ளர் துவரம் பருப்பு இரண்டையும் கழுவி, மூன்றரைத் தம்ளர் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தேன். ஊறிய பருப்பு விரைவில் வேகும். அந்த அளவுக்கு எரிவாயு மிச்சம். பின்கதவருகே, வெளிக்காற்றில் நின்று, எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய், பூண்டு, வெங்காயம், தக்காளி ஆகியவற்றை வதக்கினேன். வண்டிக்குள் தாளித்தால் ஒரு வாரம் தலையணையும் மணக்கும் என்பது மகனின் எச்சரிக்கை. மஞ்சளும் உப்பும் சேர்த்து, ஊறிய நீரோடு அரிசியையும் பருப்பையும் கொட்டிக் குக்கரை மூடினேன்.

குக்கரின் பெருமையை அங்கேதான் உணர்ந்தேன். டெக்காப்போ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 710 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 98 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். குக்கரோ 120 பாகையை ஒட்டிய வெப்பத்தைத் தருகிறது. மேலும், நீராவி பாத்திரத்துக்குள்ளேயே அடங்குகிறது. திறந்த பாத்திரத்திலிருந்து எழும் ஆவி வண்டியின் குளிர்ந்த தகட்டில் படிந்து துளித்துளியாய்ச் சொட்டும். எரிவாயு எரிவதாலும் நீர் உண்டாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும் என்பது சமன்பாட்டிலிருந்தே தெரியும். படுக்கை நனைவதும் பூஞ்சணம் பூப்பதும் இதனால்தான். இரண்டாவது ஒலி எழுந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்தேன். மீதி வேக்காட்டை அடங்கிய வெப்பமே செய்து முடித்தது. உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்து மக்கள் எரிபொருளை மிச்சப்படுத்த, கொதித்த பாத்திரத்தை வைக்கோல் பெட்டிக்குள் வைத்தார்கள். அதே தத்துவம்தான் இது.

உப்புச் சற்றுக் கூடிவிட்டது. அதை மறைப்பானேன்? ஆனாலும் என் கையால் ஆன முதல் சோறு அது.

அன்று எங்கள் வண்டிக்கு அடுத்தாற்போல் ஒரு மூதாட்டி தன் வண்டியை நிறுத்தியிருந்தார். என்னைவிட மூத்தவர். ஒரே சட்டியில் உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாடகை கட்டுப்படியாகாததால் வண்டியில் வாழ்வதாக அவர் இயல்பாகச் சொன்னார். அவருக்கு ஒரு தட்டுச் சோறு கொடுத்தோம். எங்களிடம் இருந்தவை இரண்டே தட்டுகள். ஆதலால் நானும் மகனும் ஒரே தட்டில் உண்டோம். அவன் சிறுவனாக இருந்தபோது அவ்வாறு உண்டது. அதன் பிறகு அன்றுதான். மாலையில் அந்த அம்மையார் தட்டைக் கழுவி, அதில் இரண்டு ஆப்பிள் பழங்களை வைத்துத் திருப்பித் தந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் ஊர்ப் பெண்களின் வழக்கமன்றோ? அந்த வழக்கம் அங்கேயும் இருக்கக் கண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வண்டி வாழ்க்கையை வாலிபர்கள் இன்று படமெடுத்து அழகாகக் காட்டுகிறார்கள். விரும்பி ஏற்பவனுக்கு அது அழகுதான். ஆனால் அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வேன்களில் குடியேறி, பருவந்தோறும் கூலி வேலை தேடி ஊர் ஊராய்ச் சென்றனர். ஜெசிக்கா புரூடர் என்னும் எழுத்தாளர் 'நோமேட்லேண்ட்' என்னும் நூலில் 2017இல் அவர்களைப் பற்றி எழுதினார். குளோயி சாவ் அதைத் திரைப்படமாக்கினார். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. என் மகன் நினைத்தால் நாளைக்கே ஒரு வீட்டுக்குத் திரும்பலாம். அந்த மூதாட்டியால் முடியாது. இரண்டு வண்டிகளிலும் ஒரே விதமான அடுப்பு எரிந்தாலும், இரண்டும் ஒன்றல்ல. எளிமையைப் புகழும்போது இந்த வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

மூன்று வாரம் முடிந்தது. மகனை வீட்டில் குடியேற்றும் எண்ணத்தை நான் எடுத்துரைக்கவே இல்லை. திரும்பும் நாளன்று, அவனுடைய உப்பு டப்பாவின் மேல் 'அரைக் கரண்டி மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்தபின் ஒரு திருமண வீட்டில் உறவினர் ஒருவர், "தம்பிக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டார். "குவார்ட்டர்ஸ் இல்லை, வேனில்தான் குடியிருக்கிறான். நான் முன்பு உங்களிடம் சொன்னது பொய்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மணி நேரம் பேசினேன். அதன் சுருக்கமே இந்தப் பேச்சு.

மாணவ நண்பர்களே, நாளைக்கு நீங்களும் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளியூர் செல்வீர்கள். விடுதியிலோ ஒற்றை அறையிலோ தங்குவீர்கள். ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி, அதற்கு முன்பே ஒரே பாத்திரத்தில் ஒரு வேளைச் சோறு ஆக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒன்று செய்து பாருங்கள். காலையில் ஒரு குடத்தில் நீர் நிரப்பி வைத்து, அன்றைய சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் அந்த ஒரு குடத்தில் முடிக்க முயலுங்கள். மாலையில் குடத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். அறுபது வயதுக்குப் பிறகு நான் கற்றதை நீங்கள் ஒரு நாளில் கற்றுவிடுவீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு.